கடலுக்குப் போனவர் கரை திரும்பவில்லை என்றால்: குடும்பத்துக்கான முழுமையான வழிகாட்டி

விசைப்படகோ ஃபைபர் படகோ, சொன்ன நேரத்துக்குக் கரை வரவில்லை என்றால் வீட்டில் இருப்பவர்கள் முதலில் கடற்கரைக்குத்தான் ஓடுவார்கள். ஓடலாம், தப்பில்லை. ஆனால் தேடுவதற்கு வேண்டிய விவரம் அத்தனையும் அந்த நேரத்தில் கரையில்தான் சிதறிக் கிடக்கிறது: கொஞ்சம் படகு உரிமையாளரின் செல்போனில், கொஞ்சம் மனைவியின் நினைவில், மிச்சம் பக்கத்துப் படகுக்காரர் வாயில். அதை எவ்வளவு சீக்கிரம் ஒரு தாளில் கொண்டுவருகிறோமோ, அவ்வளவு சீக்கிரம் கப்பலும் விமானமும் சரியான திசையில் கிளம்பும். பிரிந்த குடும்பம் மறுபடி சேர்வதில் கடலுக்கும் காற்றுக்கும் பங்கு உண்டு. கரையில் இருப்பவர்களின் பங்கும் அதற்குக் குறைந்ததில்லை.

தமிழ்நாட்டுக் கடற்கரைக் குடும்பங்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். புயல், இயந்திரக் கோளாறு, கைது ஆகிய மூன்றிலும் முதல் சில படிகள் ஒன்றுதான். அதற்கப்புறம் வழி பிரியும்.

படகு கிளம்புவதற்கு முன்பே இருக்க வேண்டிய தாள்

இந்த ஒரு படியைச் செய்துவிட்டால் பின்னால் வருகிற எல்லாமே பாதி சுலபமாகிவிடும். பெரும்பாலான வீடுகளில் செய்யாமல் விடுவதும் இதைத்தான். நல்ல நாளில் இதைப் பேசினால் அபசகுனம் என்று நினைப்பவர்கள் உண்டு. அந்தப் பேச்சை ஒதுக்கிவிட்டு எழுதி வையுங்கள். இதெல்லாம் அந்தத் தாளில் இருக்க வேண்டும்:

- படகின் பதிவு எண், முழுதாக. ஐஎன்டி-டிஎன் என்று தொடங்கி, மாவட்ட எண், விசைப்படகு என்றால் எம்எம், பிறகு வரிசை எண். படகின் பெயர், அடிப்பகுதியின் நிறம், கேபினின் நிறம்.
- படகில் உண்மையாகவே ஏறியவர்களின் பெயர், வயது, ஊர், வீட்டு நம்பர்.
- கிளம்பிய துறை, நாள், நேரம், கடலுக்குப் போக வாங்கும் அனுமதிச் சீட்டான டோக்கனின் எண். எந்தப் பக்கம், எத்தனை பாகம் (கடல் ஆழத்தை அளக்கும் அளவு) ஆழத்துக்குப் போவதாகச் சொன்னார்கள்.
- டீசல், ஐஸ், தண்ணீர், அரிசி எத்தனை நாளைக்கு ஏற்றினார்கள்.
- படகில் உள்ள கருவிகள்: வாக்கி டாக்கி, விஎச்எஃப் ரேடியோ, சாட்டிலைட் போன், ஆபத்து அறிவிப்புக் கருவியான டாட். ஒவ்வொன்றின் எண்.
- ஒவ்வொருவரின் மீனவர் அடையாள அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் நகல். முகம் தெளிவாகத் தெரிகிற ஒரு போட்டோ. உடம்பில் உள்ள தழும்பு, பச்சை குத்தியது, கட்டுப்பல் போன்ற அடையாளங்கள்.

"உண்மையாகவே ஏறியவர்கள்" என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. டோக்கன் வாங்கும்போது கொடுத்த பெயர் ஒன்றாக இருக்கும், விடியற்காலையில் அவருக்குக் காய்ச்சல் என்று அவர் மச்சான் ஏறியிருப்பார். படகு காணாமல் போனால் அந்த மச்சான் எந்தப் பட்டியலிலும் இருக்க மாட்டார். இப்போது நம் படகுகளில் ஒடிசா, அசாம், மேற்கு வங்கத் தொழிலாளர்களும் நிறைய வேலை பார்க்கிறார்கள். அவர்கள் வீட்டில் போன் அடித்துக் கேட்க ஒரு தமிழ் எண் கூட இருக்காது. அவர்கள் பெயரும் வீட்டு நம்பரும் தாளில் இருக்க வேண்டும். அவர்களுக்கும் ஒரு வாசலில் யாரோ காத்திருக்கிறார்கள்.

தாள் உரிமையாளர் வீட்டில் மட்டும் இருந்தால் போதாது. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நகல் இருக்கட்டும். குறிப்பாக வீட்டுப் பெண்களின் போனில் படமாக இருக்கட்டும். விபத்து நேர்ந்த பிறகு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கப் போவது பெரும்பாலும் அவர்கள்தான்.

டாட் பற்றி ஒரு வார்த்தை. பொத்தானை அழுத்தினால் படகு இருக்கும் இடம் செயற்கைக்கோள் வழியாகக் கடலோரக் காவல்படையின் மீட்பு மையத்துக்குப் போய்ச் சேரும். 2024 ஜனவரியில் இஸ்ரோ கொண்டுவந்த இரண்டாம் தலைமுறைக் கருவியில், செய்தி கிடைத்துவிட்டது என்ற பதிலும் படகுக்கு வரும். உதவி வருகிறதா இல்லையா என்று தெரியாமல் நடுக்கடலில் தவிப்பதற்கும், தெரிந்து காத்திருப்பதற்கும் உள்ள வித்தியாசம் கடலில் கிடந்தவர்களுக்குத்தான் புரியும். கருவி படகில் இருக்கிறதா, சார்ஜ் ஏறியிருக்கிறதா என்று கிளம்பும் முன் பார்க்கச் சொல்லுங்கள்.

எப்போது பதற ஆரம்பிக்க வேண்டும்

இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்று சொல்லிச் சொல்லியே ஒரு நாள் போய்விடும். அதனால் கெடுவை முன்கூட்டியே பேசி வையுங்கள். ஒரே நாளில் திரும்புகிற தொழில் என்றால், வர வேண்டிய நேரத்தைத் தாண்டி மூன்று மணி நேரத்தில் பக்கத்துப் படகுகளை விசாரிப்பது, ஆறு மணி நேரத்தில் அரசுக்குச் சொல்வது என்று வைத்துக்கொள்ளலாம். பல நாள் கடலிலேயே தங்கிச் செய்யும் தங்கு கடல் தொழில் என்றால், எத்தனை நாளுக்கு ஒருமுறை எந்தப் படகு வழியாகத் தகவல் வரும் என்பதுதான் கெடு. அப்படி வர வேண்டிய தகவல் இரண்டு முறை தவறினால் தாமதிக்க வேண்டாம்.

புயல் எச்சரிக்கை விழுந்த நாளில் கெடு எதுவும் கிடையாது. படகு வெளியே இருக்கிறது என்பதே சொல்லப் போதுமான செய்தி.

முதல் ஒரு மணி நேரம்

இரண்டு எண்களை மனப்பாடமாக வைத்திருங்கள். 1554 இந்தியக் கடலோரக் காவல்படை. 1093 கடலோரப் பாதுகாப்புக் குழுமம், அதாவது மெரைன் போலீஸ். இரண்டுக்குமே அடியுங்கள், ஒன்றுக்குச் சொன்னால் மற்றதற்குப் போய்விடும் என்று விட்டுவிடாதீர்கள். அடுத்து மீன்வளத்துறை உதவி இயக்குநர் அலுவலகம். பிறகு ஊர்த் தலைவர், சங்கம், பங்குத்தந்தை அல்லது ஜமாத், யார் சொன்னால் ஊர் திரளுமோ அவர்.

போனில் பேசுவது இப்படி இருக்கட்டும்:

"ஐயா, நான் பாம்பன்லேருந்து பேசுறேன். நேத்து காலையில ஏழு மணிக்குக் கிளம்பின விசைப்படகு இன்னும் வரலை. இன்னைக்குக் காலையில ஆறு மணிக்கு வந்திருக்கணும். ஆறு பேரு இருக்காங்க. படகு நம்பர் சொல்றேன், எழுதிக்கிறீங்களா?"

"சொல்லுங்கம்மா."

"கடைசியா ராத்திரி பத்து மணிக்குப் பக்கத்துப் படகுக்காரங்க பார்த்திருக்காங்க. அவங்க ஜிபிஎஸ்ல இருந்த இடத்தைச் சொல்றேன்."

இவ்வளவுதான். அழுகை வரும், வரட்டும். ஆனால் எத்தனை பேர், எந்த எண், கடைசியாக எங்கே, எப்போது என்ற நான்கையும் சொல்லாமல் போனை வைக்காதீர்கள். எதிரில் பேசியவர் பெயரையும் நேரத்தையும் தாளின் பின்பக்கம் எழுதி வையுங்கள். பிறகு யாரிடமும் தகவல் வரவில்லை என்று எவரும் சொல்ல முடியாது.

அந்த நான்கில் உயிர் காப்பது "கடைசியாக எங்கே" என்பதுதான். அதற்காகக் கரை திரும்பிய ஒவ்வொரு படகின் டிரைவரையும் நேரில் பாருங்கள். அவர்கள் ஜிபிஎஸ்ஸில் வலை விட்ட இடங்கள் பதிவாகியிருக்கும். அதைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். தூங்கப் போய்விட்டவரை எழுப்புவதற்குத் தயங்க வேண்டாம்.

எழுத்தில் புகார்

போனில் சொன்னது தேடலைத் தொடங்க. எழுதிக் கொடுப்பது பின்னால் வருகிற எல்லாவற்றுக்கும். மெரைன் காவல் நிலையத்தில் "ஆள் காணவில்லை" என்று புகார் கொடுத்து, மனு ரசீதும் முதல் தகவல் அறிக்கையின் நகலும் கேட்டு வாங்குங்கள். இது எங்கள் எல்லை இல்லை என்று சொன்னால், எல்லை எதுவாக இருந்தாலும் வழக்குப் பதிய வேண்டும் என்பதற்கு 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவு இருக்கிறது. அதை மரியாதையாக நினைவூட்டுங்கள்.

படகில் ஆறு பேர் என்றால் புகாரில் ஆறு பெயரும் வரட்டும். உரிமையாளர் ஒரு புகார் கொடுத்தால் போதும் என்பார்கள். படகைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் நாளைக்குக் காப்பீடு, நிவாரணம், நீதிமன்றம் என்று வரும்போது ஒவ்வொரு குடும்பத்துக்கும் தன் ஆளின் பெயர் உள்ள தாள் வேண்டும். ஒரு நகல் மீன்வளத்துறைக்கு, ஒரு நகல் ஆட்சியர் அலுவலகத்துக்கு. திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாள் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

தேடல் எப்படி நடக்கிறது

கடலில் தேடுவது, படகைக் கடைசியாகப் பார்த்த இடத்தில் போய்ப் பார்ப்பதல்ல. இயந்திரம் நின்ற படகு நின்ற இடத்தில் நிற்காது. நீவாடு, அதாவது நீரோட்டம், ஒரு பக்கம் இழுக்கும், காற்று ஒரு பக்கம் தள்ளும். உயரமான கேபின் உள்ள விசைப்படகைக் காற்று அதிகம் தள்ளும். கவிழ்ந்து பாதி மூழ்கிய வள்ளம் பெரும்பாலும் நீரோட்டத்தோடு போகும். கேன் ஒன்றைப் பிடித்துக்கொண்டு மிதக்கிற ஆள் இன்னொரு விதமாகப் போவார். ஐதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ், கடைசி இடம், நேரம், மிதப்பது என்ன வகை என்பதை வைத்து, இப்போது எங்கே இருக்க வாய்ப்பு அதிகம் என்று கணக்கிடும் சராட் என்ற கருவியை வைத்திருக்கிறது. கடலோரக் காவல்படை அதைப் பயன்படுத்துகிறது. படகின் நீளம், கேபின் உயரம், தெர்மாக்கோல் பெட்டி எத்தனை இருந்தது என்றெல்லாம் கேட்டால் எரிச்சல்படாதீர்கள். கணக்குக்கு அவை வேண்டும்.

நேரம் கூடக் கூடத் தேட வேண்டிய பரப்பு விரிந்துகொண்டே போகும். ஆறு மணி நேரத் தாமதத்துக்கும் ஒரு நாள் தாமதத்துக்கும் இடையே உள்ள வேறுபாடு மணிக்கணக்கில் இல்லை, சதுர மைல் கணக்கில் இருக்கிறது.

இந்தியாவின் தேடல் பகுதி மும்பை, சென்னை, போர்ட் பிளேர் என்று மூன்று மீட்பு மையங்களின் கீழ் வருகிறது. கன்னியாகுமரி மேற்குக் கரைப் படகு அரபிக் கடலில் இருந்தால் மும்பை, நாகப்பட்டினத்துப் படகு வங்கக் கடலில் இருந்தால் சென்னை, அங்கிருந்து கிழக்கே அடித்துப் போனால் போர்ட் பிளேர். எந்த மையம் உங்கள் படகைத் தேடுகிறது என்று மீன்வளத்துறையிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். புதுத் தகவல் கிடைத்தால் அது நேரே அங்கே போய்ச் சேர வேண்டும்.

ஊர்ப் படகுகள் தேடப் போவதாக இருந்தால், காவல்படையிடம் சொல்லிவிட்டு, ஒன்றுக்கு இரண்டாகச் சேர்ந்து போங்கள். சொல்லாமல் போன படகைத் தேட இன்னொரு கப்பல் வர வேண்டிய நிலை வரக் கூடாது.

மற்றக் கரைகளில் விசாரிப்பது

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் கன்னியாகுமரிக் கடலைக் கடந்தபோது, தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை பக்கத்து ஆழ்கடல் படகுகள் பல, எச்சரிக்கைக்கு முன்பே கிளம்பி அரபிக் கடலில் வெகுதூரம் போயிருந்தன. அந்தப் படகுகளுக்குத் தகவல் சொல்ல வழியே இல்லை. பல படகுகள் லட்சத்தீவில் ஒதுங்கின. பல படகுகள் மகாராஷ்டிரத்தின் தேவ்கட் துறைமுகத்திலும் குஜராத் கரையிலும் போய்ச் சேர்ந்தன. அங்கே கரையேறியவர்கள் உயிரோடு இருக்கிறார்கள் என்பது வீட்டுக்குத் தெரியச் சில நாள்கள் ஆயின. போன் தண்ணீரில் போயிருக்கும், எண் நினைவில் இருக்காது, மொழியும் தெரியாது.

அந்த நாள்களில் காணாமல் போனவர்களின் எண்ணிக்கையை அரசு ஒன்றாகச் சொன்னது, ஊர்கள் வேறாகச் சொன்னன. கடைசியில் பங்குக் கோயில்களும் மீனவர் அமைப்புகளும் வீடு வீடாகப் போய்த் தாங்களே பட்டியல் எடுத்தார்கள். என் பார்வையில் ஒக்கி விட்டுச்சென்ற பாடங்களில் கரைக்கு மிக முக்கியமானது அந்தப் பட்டியல்தான். அதைப் பார்த்தால் எப்படிச் செய்வது என்று புரியும். படகு வாரியாக ஒரு பக்கம், ஆள் வாரியாக ஒரு வரி. பெயருக்கு எதிரே நான்கு நிலைகளில் ஒன்று: கரை சேர்ந்தார், வேறு கரையில் இருக்கிறார், இன்னும் தகவல் இல்லை, இறந்தது உறுதி. "கரை சேர்ந்தார்" என்று எழுத வேண்டுமானால் அவர் குரலை வீட்டில் யாராவது கேட்டிருக்க வேண்டும். இன்னார் பார்த்ததாகச் சொன்னார் என்பது தகவலாக மட்டும் பக்கத்தில் இருக்கட்டும். பட்டியலை ஒரே ஆள் வைத்திருக்க வேண்டும், நாளுக்கு இரண்டு முறை திருத்த வேண்டும், பழையதைக் கிழிக்கக் கூடாது.

மேற்குக் கரை என்றால் கொச்சி, பேப்பூர், மால்பே, மங்களூர், தேவ்கட், வேராவல் வரை துறைமுகச் சங்கங்களைக் கேளுங்கள். அங்கெல்லாம் நம் ஊர்க்காரர்கள் தொழில் செய்கிறார்கள், ஏதாவது ஒரு வீட்டில் அவர்கள் எண் இருக்கும். கிழக்கில் ஆந்திரா, ஒடிசா, அந்தமான். மருத்துவமனைகளையும் விட்டுவிடாதீர்கள். பெயர் சொல்ல முடியாத நிலையில் சேர்க்கப்பட்டவர்கள் இருப்பார்கள்.

சரக்குக் கப்பல் ஏற்றிச் சென்றிருந்தால் இன்னும் தாமதமாகும். கடலில் ஆபத்தில் இருப்பவரைக் காப்பாற்றுவது எந்தக் கப்பலுக்கும் சர்வதேசச் சட்டப்படி கடமை. ஆனால் அந்தக் கப்பல் அவரைத் தன் அடுத்த துறைமுகத்தில்தான் இறக்கிவிடக் கூடும். அது வேறு நாடாக இருக்கலாம்.

நம்பிக்கையை எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்று கேட்பவர்களுக்கு ஒரு உண்மைச் செய்தி. 2020 ஜூலையில் காசிமேட்டிலிருந்து போன ஒரு விசைப்படகு, இயந்திரம் பழுதாகி வங்கக் கடலில் ஏறக்குறைய 50 நாள் மிதந்தது. செப்டம்பரில் மியான்மரில் அதில் இருந்தவர்கள் மீட்கப்பட்டார்கள். மழைத் தண்ணீரைப் பிடிக்கத் தார்ப்பாய் இருந்து, பிடிக்க மீன் இருந்து, படகை விட்டு இறங்காமல் இருந்தால் மனிதர் அவ்வளவு நாள் தாங்க முடியும். எல்லாருக்கும் அது வாய்க்காது. ஆனாலும் முதல் வாரத்தோடு விசாரிப்பதை நிறுத்தக் கூடாது என்பதற்கு இது போதும்.

கைது என்று தெரிந்தால்

பாக் நீரிணையில் படகு காணவில்லை என்றால், இலங்கைக் கடற்படை பிடித்திருக்கிறதா என்பதையும் சேர்த்தே விசாரிக்க வேண்டும். ராமேசுவரம், மண்டபம், ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம், நாகை, காரைக்கால் குடும்பங்களுக்கு இது புதிதல்ல. வலையோடு எல்லை தாண்டியதும் உண்டு, இயந்திரம் நின்று இரவில் அந்தப் பக்கம் அடித்துப் போனதும் உண்டு. இரண்டாவது என்றால், இயந்திரக் கோளாறு பற்றிப் பக்கத்துப் படகுக்கு வாக்கி டாக்கியில் சொன்ன நேரம், கேட்டவர் பெயர் ஆகியவற்றை உடனே எழுதி வாங்குங்கள். வழக்கில் அது உதவும்.

நடப்பது பெரும்பாலும் இந்த வரிசையில்தான். நெடுந்தீவுக் கடலில் பிடித்தால் காங்கேசன்துறைக்கோ மயிலிட்டிக்கோ கொண்டு போவார்கள். அங்கே கடற்றொழில் திணைக்களத்திடம், அதாவது அந்நாட்டு மீன்வளத்துறையிடம், ஒப்படைப்பார்கள். ஊர்காவற்றுறை நீதவான் (மாஜிஸ்திரேட்) முன் நிறுத்தி, விளக்கமறியலில், அதாவது நீதிமன்றக் காவலில், யாழ்ப்பாணம் சிறையில் வைப்பார்கள். மன்னார் பக்கம் பிடித்தால் மன்னார் நீதிமன்றம், பெரும்பாலும் வவுனியா சிறை. விளக்கமறியல் அடுத்தடுத்த தேதிகளுக்கு நீட்டிக்கப்படும். ஒவ்வொரு தேதியையும் குறித்து வையுங்கள். தேதி தெரியாத குடும்பத்துக்கு ஒவ்வொரு நாளும் தீர்ப்பு நாளாகத்தான் போகும்.

நீங்கள் செய்ய வேண்டியது:

மீன்வளத்துறை வழியாக எல்லாப் பெயர்களும் எழுத்துப் பிழையில்லாமல் யாழ்ப்பாணத்தில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்துக்குப் போனதா என்று உறுதி செய்யுங்கள். தூதரக அதிகாரிகள் சிறையில் போய்ப் பார்ப்பார்கள், வழக்கறிஞர் ஏற்பாடும் அவர்கள் வழியாக நடக்கும். சர்க்கரை, ரத்த அழுத்தம், வலிப்பு என்று மாத்திரை எடுப்பவர் இருந்தால் மருந்துச் சீட்டின் படத்தை அன்றே அனுப்புங்கள். பதினெட்டு வயது நிறையாத பையன் படகில் இருந்தால் பள்ளிச் சான்றிதழை உடனே அனுப்புங்கள், அவனை வேறு விதமாக நடத்த வேண்டும்.

இதற்கு முன் ஒருமுறை பிடிபட்டவரா என்பதை மறைக்காமல் வழக்கறிஞரிடம் சொல்லிவிடுங்கள். முதல் முறை பிடிபட்டவர்களுக்குப் பெரும்பாலும் ஒத்திவைத்த தண்டனை கொடுத்து விடுவிப்பார்கள். அந்தக் காலம் முடிவதற்குள் மறுபடி பிடிபட்டால் பழைய தண்டனையும் சேர்ந்துகொள்ளும். படகோட்டி மீதும் உரிமையாளர் மீதும் கடுமை கூடுதல். 2018-ல் வெளிநாட்டுப் படகுகள் பற்றிய சட்டத்தை இலங்கை திருத்தி அபராதத்தைப் பல மடங்கு உயர்த்தியிருக்கிறது. படகைத் திரும்பப் பெற உரிமையாளரே ஆவணங்களோடு அங்கே நீதிமன்றத்தில் வர வேண்டியிருக்கும். வராவிட்டால் படகு அரசுடைமை ஆகிவிடும்.

கைதானவர் குடும்பத்துக்குத் தமிழ்நாடு அரசு தினசரி உதவித்தொகை கொடுக்கிறது. தானாக வந்து சேரும் என்று இருக்காமல், உதவி இயக்குநர் அலுவலகத்தில் மனுவும் வங்கிப் புத்தக நகலும் கொடுங்கள். வெளியுறவு அமைச்சகத்தின் மதத் இணையதளத்திலும் புகாரைப் பதிவு செய்தால் எண் கிடைக்கும், நிலையைப் பார்க்கலாம்.

விடுதலைத் தீர்ப்பு வந்த அன்றே வீட்டுக்கு வந்துவிட மாட்டார்கள். இங்கேதான் பல குடும்பங்கள் நொந்துபோகின்றன. பாஸ்போர்ட் இல்லாதவர்கள் என்பதால் குடியுரிமை சரிபார்த்து, தூதரகம் ஒருமுறைப் பயணத்துக்கான அவசரச் சான்றிதழ் தர வேண்டும். அதுவரை கொழும்புப் பக்கம் மிரிஹானை தடுப்பு முகாமில் இருப்பார்கள். பிறகு கொழும்பிலிருந்து சென்னைக்கு விமானம், அங்கிருந்து மீன்வளத்துறை வண்டியில் ஊர். ஆதார், மீனவர் அட்டை நகல்களை முதல் நாளே கொடுத்திருந்தால் சரிபார்க்கும் வேலை இங்கே சீக்கிரம் முடியும்.

மாலத்தீவு, டியாகோ கார்சியா, வளைகுடா நாடுகள் என்றாலும் முறை இதேதான்: பெயர்ப் பட்டியல், தூதரகம், அயலகத் தமிழர் நலத்துறை. வளைகுடாவில் ஒப்பந்தத்தில் போனவர் என்றால் ஒப்பந்த நகலும் அங்குள்ள முதலாளியின் பெயரும் எண்ணும் கூடுதலாக வேண்டும். போகும்போதே அதை வாங்கி வைக்காத வீடுகள்தான் அதிகம்.

காத்திருக்கும் வீடு

ஒரு வீட்டில் ஒருவர் மட்டும் போன் எடுக்கட்டும். பத்துப் பேர் பத்து இடத்தில் விசாரித்தால் பதினோரு வதந்தி வரும். "நான் ஆளை விட்டு எடுத்துத் தருகிறேன், முன்பணம் கொடுங்கள்" என்று யார் வந்தாலும் கொடுக்காதீர்கள். தூதரகமோ மீன்வளத்துறையோ விடுதலைக்கு உங்களிடம் பணம் கேட்காது.

பிள்ளைகளிடம் பொய் சொல்ல வேண்டாம். "அப்பா படகு வரலை, தேடுறாங்க" என்று சொன்னால் போதும். பள்ளிக்கூடத்தில் யாராவது சொல்லித் தெரிந்துகொள்வதைவிட அது எவ்வளவோ மேல். பள்ளிக்கு அனுப்புங்கள், ஆசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். வட்டிக்குக் கொடுத்தவர்களிடம் ஊர்த் தலைவர் மூலம் தவணை கேளுங்கள், நகையை அவசரத்தில் விற்காதீர்கள்.

எழுதவே கை வராத பகுதி ஒன்று இருக்கிறது, ஆனால் விட்டுவிட முடியாது. அடையாளம் தெரியாத உடல் எங்காவது ஒதுங்கினால் மரபணுச் சோதனைக்கு ரத்தம் கேட்பார்கள். ஒக்கிக்குப் பின் கேரள மருத்துவமனைகளில் இருந்த உடல்கள் அப்படித்தான் அடையாளம் காணப்பட்டன. பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் கொடுக்கலாம். ரத்தம் கொடுப்பதால் நம்பிக்கையைக் கைவிட்டதாக ஆகாது.

ஆளும் இல்லை, உடலும் இல்லை என்றால், ஏழு ஆண்டு தகவல் இல்லாதவரை இறந்தவராகக் கருதலாம் என்று சாட்சியச் சட்டம் சொல்கிறது. பழைய சட்டத்தில் 108-வது பிரிவு, இப்போதைய பாரதிய சாக்ஷிய அதிநியமத்தில் 111. ஆனால் அரசு மனது வைத்தால் அத்தனை ஆண்டு காக்க வைக்க வேண்டியதில்லை. ஒக்கியில் காணாமல் போனவர்களுக்குத் தனி முறை வகுத்து, குடும்பத்துக்கு 20 லட்சம் ரூபாய் நிவாரணம் கொடுத்தார்கள். அதை முன்மாதிரியாகக் காட்டி மனு கொடுங்கள். பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பதிவு செய்த மீனவர் விபத்தில் இறந்தால் 5 லட்சம் ரூபாய்க் காப்பீடு உண்டு. இதையெல்லாம் வாங்குவதற்கு முதல் நாள் எடுத்த முதல் தகவல் அறிக்கைதான் அடிப்படை.

வந்து சேர்ந்த பிறகு

கூட்டம் கூடும், பட்டாசு வெடிக்கும், பிரியாணி தயாராகும். பல நாள் பட்டினி கிடந்தவருக்கு முதல் நாளில் அந்த விருந்தைப் போடாதீர்கள். காய்ந்த குடலுக்குத் திடீரென்று நிறையக் கொடுத்தால் ரத்தத்தில் உப்புச் சத்துகள் தாறுமாறாகி உயிருக்கே ஆபத்து வரலாம். நேரே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். மருத்துவர் சொல்லும் வரை நீராகக் கஞ்சி, கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி. உப்புத் தண்ணீரில் ஊறிய தோல் பிய்ந்திருக்கும், கால் வீங்கியிருக்கும். சூடு ஒத்தடம் கொடுக்கிறேன், தேய்த்துவிடுகிறேன் என்று கிளம்ப வேண்டாம்.

இரவில் திடுக்கிட்டு எழுவார், அலைச் சத்தம் கேட்டால் வேர்க்கும், கடல் பக்கமே போக மாட்டேன் என்பார். சிலர் மறுநாளே படகேறத் துடிப்பார்கள். இரண்டுமே நடப்பதுதான். சில வாரத்தில் சரியாகவில்லை என்றால் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, இலவசம். மனைவிக்கும் அதே உறக்கமின்மை இருக்கும், அதையும் யாராவது கேட்க வேண்டும். சின்னக் குழந்தை அப்பாவிடம் போகாமல் முரண்டு பிடித்தால் வற்புறுத்தாதீர்கள், தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

காவல் நிலையத்தில் ஆள் வந்துவிட்டார் என்று வாக்குமூலம் கொடுத்து வழக்கை முடித்துக்கொள்ளுங்கள். செய்யாமல் விட்டால் அவர் பெயர் காணாமல் போனவர் பட்டியலிலேயே கிடக்கும், பின்னால் அட்டை புதுப்பிக்கும்போது இழுத்தடிக்கும். படகையும் வலையையும் இழந்திருந்தால் இழப்பீட்டு மனுவை அந்த வாக்குமூலத்தின் நகலோடு கொடுங்கள்.

அதோடு இன்னொரு வேலை, இதைத் தள்ளிப்போட வேண்டாம். கூட வந்தவர்களில் யாராவது இன்னும் திரும்பவில்லை என்றால், வந்தவரிடம் நிதானமாக உட்கார்ந்து ஒரே ஒருமுறை முழுதாகக் கேட்டு எழுதுங்கள். படகு கவிழ்ந்தது எத்தனை மணிக்கு, எந்தக் காற்று, யார் கேனைப் பிடித்திருந்தார், யாரிடம் லைஃப் ஜாக்கெட் இருந்தது, யாரைக் கடைசியாக எந்தப் பக்கம் பார்த்தார், வழியில் எந்தக் கப்பல் தெரிந்தது. ஆளாளுக்குத் தனித்தனியாக வந்து கேட்டால் அவர் உடைந்துபோவார், சொல்வதும் மாறும். எழுதியதை மீட்பு மையத்துக்கு ஒன்று, மெரைன் போலீசுக்கு ஒன்று, காத்திருக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒன்று என்று கொடுங்கள். அடுத்த நாள் தேடல் கப்பல் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை அந்தத் தாளை வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.